பிரேசிலின் ஒலிண்டா மட்டும் ஏன் பழைய தோற்றத்திலேயே நிற்கிறது?

பக்கத்து ரெசிஃபி அடுக்குமாடிகளாய் வளர்ந்திருக்க, கடலைப் பார்த்த இந்தக் குன்று நகரம் எப்படித் தப்பியது என்று கேட்டிருக்கிறீர்கள். நேரான பதில்: வியாபாரம் அதைக் கைவிட்டது.

1535-இல் போர்த்துகீசியர் நிறுவிய ஊர் இது. சர்க்கரையால், அதாவது கரும்புத் தோட்ட அடிமைகளின் உழைப்பால், கொழித்தது. 1630-இல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். மறு ஆண்டே கொளுத்திவிட்டு, துறைமுகம் இருந்த ரெசிஃபியைத் தலைமையிடமாக்கிக்கொண்டார்கள். 1654-இல் போர்த்துகீசியர் திரும்பிய பிறகும் பணம் துறைமுகத்தை விட்டு மேலேறவில்லை. இன்று காண்பதில் பெரும்பகுதி தீக்குப் பின் கட்டியதே. '16-ஆம் நூற்றாண்டு ஊர்' என்று யாராவது சொன்னால் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

சட்டப் பாதுகாப்பெல்லாம் வெகு பின்னால் வந்தது. 1982-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. கட்டடங்களைவிட, வீடுகளின் பின்கட்டில் அடர்ந்திருக்கும் மாவும் பலாவும் தென்னையும்தான் இந்த ஊரின் அழகு என்பேன்.

ஆல்ட்டோ டா சே மேட்டில் மரவள்ளி மாவைச் சூடான கல்லில் பரப்பி, தேங்காய்த் துருவலும் பாலாடைக்கட்டியும் வைத்து மடித்துத் தருவார்கள், விடாதீர்கள். கட்டடம் பார்ப்பதுதான் நோக்கமென்றால் கார்னிவல் நாட்களைத் தவிருங்கள். ராட்சதப் பொம்மைகளும் கூட்டமும் தெருவை அடைத்துக்கொள்ளும்.