கயிறு பிடிப்பவர்

அன்புள்ள ஐயா,

நான் தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். இயந்திரவியல் டிப்ளமோ முடித்திருக்கிறேன். இந்தியக் கடற்படையின் சிறப்புப் படையான மார்கோஸில் கமாண்டோ ஆக வேண்டும் என்பது எட்டாம் வகுப்பிலிருந்தே என் கனவு. தினமும் விடியற்காலையில் எண்ணூர் நெடுஞ்சாலையில் ஓடுகிறேன், திருவொற்றியூர்க் கடலில் நீந்துகிறேன், தாடியும் வளர்த்து வருகிறேன். சிறப்புப் படைகளின் நான்கு உண்மைகளை எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்: கருவியைவிட மனிதன் முக்கியம், எண்ணிக்கையைவிடத் தரம் முக்கியம், சிறப்புப் படையை மொத்தமாக உற்பத்தி செய்ய முடியாது, நெருக்கடி வந்தபின் அதை உருவாக்கவும் முடியாது.

இப்போது கடற்படையில் மாலுமியாகச் சேர வாய்ப்பு வந்திருக்கிறது. கமாண்டோவாகத் தேர்வாகாவிட்டால் இயந்திர அறையில் எண்ணெய்க் கறையோடு காலம் கழிந்துவிடுமே என்று அஞ்சுகிறேன். அம்மாவும் வேண்டாம் என்கிறார். நான் சேரலாமா? மார்கோஸ், அமெரிக்காவின் சீல், பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். ஆகிய சிறப்புப் படைகளில் எது சிறந்தது என்று நினைக்கிறீர்கள்?

க.

அன்புள்ள க.,

எது சிறந்தது என்ற கேள்வியை முதலில் ஓரமாக வைத்துவிடுவோம். படைகளைத் தரவரிசைப்படுத்துவது திண்ணைப் பேச்சு. தாடி விஷயமும் அப்படித்தான். 1990களின் நடுவில் காஷ்மீரின் வூலர் ஏரியில் நிறுத்தப்பட்ட மார்கோஸ் வீரர்கள், ஊர்மக்களிடையே தனித்துத் தெரியாமல் இருப்பதற்காகத் தாடி வளர்த்தார்கள். தாங்கள் யாரென்று தெரியாமலிருக்க அவர்கள் வளர்த்ததை, யாரென்று தெரிய வேண்டும் என்பதற்காக நீங்கள் வளர்க்கிறீர்கள். மழித்துவிடுங்கள்.

என்னைப் பிடித்து நிறுத்தியது சுவரில் நீங்கள் ஒட்டியிருக்கும் அந்தத் தாள்தான். தம்பி, அந்த உண்மைகள் நான்கல்ல, ஐந்து. ஜான் காலின்ஸ் என்ற ஓய்வுபெற்ற அமெரிக்க ராணுவ அதிகாரி 1980களில் அவற்றை எழுதியபோதே ஐந்தாகத்தான் எழுதினார். பெரும்பாலான சிறப்பு நடவடிக்கைகளுக்குச் சிறப்புப் படையைச் சேராதவர்களின் துணை வேண்டும் என்பது ஐந்தாவது. பல ஆண்டுகள் அச்சில் விடுபட்டுக் கிடந்து, பிறகு மீண்டும் சேர்க்கப்பட்டதும் அந்த ஒன்றுதான். எனக்கு அதில் வியப்பு ஏதுமில்லை. அந்த ஐந்தாவதை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, அதைப் பார்த்து வெட்கப்பட்டு வளர்ந்தவன் நான்.

என் அப்பா துறைமுகத்தில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் முழுகும் வேலை செய்தார். கப்பலின் விசிறியில் சிக்கிய வடத்தை அறுப்பது, அறுந்து விழுந்த சங்கிலியைத் தேடுவது போன்ற வேலைகள். ராயபுரத்தில் எங்கள் தெருவில் அவர் நடந்தால் பையன்கள் பின்னால் வருவார்கள். அம்மாவின் தம்பியான என் மாமா, தோணியில் நின்று அப்பாவின் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்திருப்பார். தெருவில் அவருக்குப் பட்டப்பெயரே 'கயிறு'. பள்ளியில் யாராவது மாமாவுக்கு என்ன வேலை என்று கேட்டால், துறைமுகத்தில் என்று மட்டும் சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன்.

பத்து வயதில் ஒரு கோடை விடுமுறையில் அப்பாவோடு போனேன். நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கையாண்ட துறைமுகம். தண்ணீர் கறுத்துக் கிடந்தது. அப்பா இறங்கிய இடத்தில் குமிழிகள் வந்துகொண்டிருந்தன. நான் குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்; மாமா எதையும் பார்க்கவில்லை. கயிறு அவருடைய இடது உள்ளங்கை வழியாக வந்து வலது ஆள்காட்டி விரலின்மேல் படிந்திருந்தது, தொய்வும் இல்லாமல் விறைப்பும் இல்லாமல். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஓர் இழுப்பு இழுப்பார்: நலமா என்று அர்த்தம். கீழிருந்து ஓர் இழுப்பு வரும்: நலம். நான்கு இழுப்பு வந்தால் மேலே தூக்க வேண்டும். நான் ஏதோ கேட்டேன், பதிலில்லை. மூக்கின்மேல் ஈ உட்கார்ந்தது; அதையும் அவர் ஓட்டவில்லை. மேற்பார்வையாளர் வந்து, கயிற்றைக் கட்டையில் சுற்றிவிட்டு வந்து ஒரு கை பிடிக்கச் சொன்னபோது மாமா தலையைக்கூடத் திருப்பவில்லை. அன்று அவருக்கு அரை நாள் கூலி பிடித்தம். இரவில் அம்மா அப்பாவிடம் எதுவும் கேட்க மாட்டார், மாமாவிடம்தான், "இன்னிக்கி எத்தினி தடவ இறங்குனாரு?" என்று கேட்பார்.

மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்பார்கள். பாறையில் தொங்கித் தேனெடுப்பவனின் கயிற்றை அவன் மனைவியின் உடன்பிறந்தவன் பிடிக்க வேண்டும், தன் சகோதரியின் தாலி அந்தக் கயிற்றில் இருப்பதால் அவன் கைவிட மாட்டான் என்று அதற்கு விளக்கம் சொல்வதுண்டு. முத்துக்குளிப்பவர்களைப் பற்றியும் அப்படியே சொல்வார்கள். நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்த இதைக் கற்றுக்கொள்ள அமெரிக்க ராணுவத்துக்கு ஒரு பாலைவனம் தேவைப்பட்டது.

தெஹ்ரானில் பிணையாகப் பிடிக்கப்பட்டிருந்த அமெரிக்கத் தூதரக ஊழியர்களை மீட்க, 1980 ஏப்ரல் 24 அன்று 8 ஹெலிகாப்டர்கள் நிமிட்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பின. குறைந்தது 6 இருந்தால்தான் காரியம் நடக்கும் என்பது கணக்கு. வழியில் புழுதி மேகமும் பழுதுகளும் குறுக்கிட, 6 மட்டுமே ஈரானியப் பாலைவனத்தில் இறங்கின. அவற்றிலும் ஒன்று பழுதாக, 5 மிஞ்சின. நடவடிக்கை கைவிடப்பட்டது. திரும்பும்போது ஒரு ஹெலிகாப்டர், எரிபொருளோடு நின்ற விமானத்தில் மோதி 8 பேர் இறந்தார்கள். மீட்கப் போன டெல்டா என்ற அமெரிக்கச் சிறப்புப் படையினர் தேர்ந்தவர்கள். அவர்களை வழிநடத்திய சார்லஸ் பெக்வித் பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். படையோடு பணியாற்றிப் பாடம் கற்றவர். அவர்கள் தெஹ்ரானின் சுவரைத் தொடக்கூட முடியவில்லை. பறப்பவர்கள் ஒரு படை, இயந்திரங்கள் இன்னொரு படையுடையவை, இறங்குகிறவர்கள் வேறொரு படை. எல்லோரும் சேர்ந்து முழு ஒத்திகை ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை என்பதைப் பின்னர் நடந்த விசாரணை எடுத்துச் சொன்னது. அதன்பிறகுதான் இரவில் பறப்பதற்கென்றே தனி ஹெலிகாப்டர் பிரிவு உருவானது. 1987இல் சிறப்புப் படைகளுக்கெல்லாம் பொதுவான தலைமையகமும் வந்தது. 2011 மே மாதம் பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில், பின்லேடனைத் தேடிச் சீல் படையினர் சென்ற ஒரு ஹெலிகாப்டர் அவருடைய வீட்டு வளாகத்தில் விழுந்தபோதும் வேலை நிற்கவில்லை. மாற்று ஹெலிகாப்டர் காத்திருந்தது. சுட்டவர்களைப் பற்றி எத்தனையோ எழுதியாயிற்று. அந்த மாற்று ஹெலிகாப்டரின் எண்ணெய்க் குழாயை முந்தைய நாள் சரிபார்த்தவரின் படம் எந்தச் சுவரில் இருக்கிறது?

நம் கதை வேறல்ல. 2008 நவம்பர் 26 இரவு மும்பையில் தாக்குதல் தொடங்கியபோது, தேசியப் பாதுகாப்புப் படையின் கமாண்டோக்கள் டெல்லிக்கு அருகே மானேசரில் தயாராகத்தான் இருந்தார்கள். அவர்களை ஏற்றிச் செல்லும் விமானம் சண்டிகரிலிருந்து வர வேண்டியிருந்தது. மும்பையில் இறங்கிப் பேருந்தில் ஏறி அவர்கள் போய்ச் சேர்வதற்குள் மறுநாள் விடிந்துவிட்டது. வீரத்தில் குறை சொல்ல யாருக்கும் தகுதியில்லை. மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணனும் கஜேந்தர் சிங்கும் அங்கேதான் உயிர்விட்டார்கள். குறை விமானத்திலும் பேருந்திலும் இருந்தது. அடுத்த ஆண்டு சென்னை உட்பட நான்கு நகரங்களில் அந்தப் படைக்குக் கிளை மையங்கள் வந்தன. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ரப்பர் படகில் வந்து இறங்கியவர்களை முதலில் பார்த்து, யார் நீங்கள் என்று கேட்டவர்கள் கொலாபாவின் மீனவக் குடியிருப்புக்காரர்கள். காசிமேட்டில் வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவரும் கடற்பாதுகாப்பின் ஓர் உறுப்புதான், அவரை யாரும் அப்படி மதிக்காவிட்டாலும்.

யாழ்ப்பாணத்தையும் தமிழில் எழுதும் நான் தாண்டிப் போக முடியாது. 1987 அக்டோபர் 11 இரவு, புலிகளின் தலைமையைப் பிடிக்கவென்று இலங்கைக்குப் போயிருந்த இந்திய அமைதிப்படையின் பாரா கமாண்டோக்களும் சீக்கியக் காலாட்படையினரும் பல்கலைக்கழகத் திடலில் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்டார்கள். திட்டம் வானொலி ஒட்டுக்கேட்பில் முன்பே கசிந்திருந்தது. ஹெலிகாப்டர்கள் அடிபட்டு, மேற்கொண்டு ஆட்களை இறக்க முடியாமல் போயிற்று. இறங்கிய சுமார் 30 சீக்கிய வீரர்களில் பிழைத்தவர் ஒருவர். கமாண்டோக்களை மீட்க ரயில் பாதை வழியே டாங்கிகள் வர வேண்டியிருந்தது. அருகே பிரம்படியில் இந்தச் சண்டையோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத குடிமக்கள் கொல்லப்பட்டார்கள். வெற்றிகளை மட்டும் பார்த்து ஆசைப்படுகிறவர் இதையும் அறிந்துகொண்டு ஆசைப்பட வேண்டும்.

இப்போது எண்ணெய்க் கறைக்கு வருகிறேன், கொஞ்சம் கோபத்தோடுதான். இயந்திரவியல் படித்துவிட்டு இயந்திர அறையை இழிவாக நினைப்பதற்கு எங்கே கற்றீர்கள்? கமாண்டோவைக் கரைக்குக் கொண்டுபோகும் படகின் இயந்திரம் இருட்டில் நின்றுவிட்டால், அவருடைய அத்தனை ஆண்டுப் பயிற்சியும் அலையில் ஆடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். தெருவிலிருந்து நேராக மார்கோஸில் நுழைய வழியும் இல்லை. கடற்படைக்குள் வந்தவர்களிலிருந்தே விருப்பமுள்ளவர்களை எடுத்து, முதல் சில நாட்களிலேயே பாதிக்கு மேற்பட்டவர்களைக் கழித்துவிடுகிறார்கள். கழிக்கப்பட்டவர் தன் பழைய வேலைக்குத் திரும்பி அதை ஒழுங்காகச் செய்ய வேண்டும். அதற்கு மனமில்லாதவர் தேர்வுக்கே போக வேண்டியதில்லை.

சேருங்கள். அம்மாவிடம் நான் சொன்னேன் என்று சொல்லாதீர்கள். இந்த வயதில் எனக்கு இன்னொரு தாயின் சாபம் வேண்டாம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓடுவதை நிறுத்திவிட்டு ஏதாவது மைதானத்தைத் தேடுங்கள். திருவொற்றியூரில் கல் கொட்டியிருக்கும் பக்கம் தனியாக நீந்தவே கூடாது. ஒரு நண்பனைக் கரையில் நிறுத்திவிட்டு இறங்குங்கள். அவன் கையில் கைப்பேசி இருக்கக் கூடாது.