கொழுப்பில் வேகணும், கொழுப்பிலேயே முறுகணும்: கார்னித்தாஸ் கேள்வி-பதில்

மெக்சிகோவின் டாக்கோ (மெல்லிய ரொட்டியில் கறி வைத்து மடித்துத் தருவது) வகைகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதில் ஒரே பத்தியில் வந்துபோன கார்னித்தாஸைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். பன்றிக்கறியைக் கொழுப்பில் மெதுவாக வேகவைத்து, கடைசியில் அதே கொழுப்பில் பொரித்தெடுப்பதுதான் கார்னித்தாஸ். வந்த கேள்விகளில் சில இங்கே.

கறியைக் கிலோக்கணக்கான கொழுப்பில் முக்கி வேகவைத்தால் அது கொழுப்பைக் குடித்துவிடாதா? தண்ணீரில் வேகவைத்துப் பிறகு வறுத்தால் என்ன குறை?
(வேளச்சேரி வாசகி)

குடிக்காது. வேகும் நேரம் முழுக்கக் கறிக்குள்ளிருந்து ஈரம் வெளியேறிக்கொண்டே இருக்கும். கொழுப்பு உள்ளே போக வழியில்லை. மேலே ஒட்டியிருப்பது, எடுத்து வடியவிட்டால் இறங்கிவிடும். தண்ணீரில் வேகவைத்தால் உப்பும் கறியின் சாரமும் தண்ணீரோடு போய்விடும். கொழுப்பில் உப்பு கரையாது என்பதால் போட்ட உப்பு கறியிலேயே நிற்கும். இதுதான் பெரிய வித்தியாசம்.

இந்தப் பண்டத்துக்குப் பேர்போன மாநிலம் மிச்சோவாக்கான். அங்கே கிரோகா, உருவாப்பான் ஊர்க் கடைகளில் ஆள் குளிக்கலாம் போன்ற செப்பு அண்டாக்களில் முழுப் பன்றியே வேகும். பன்றி ஸ்பானியர்களோடு 16-ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்த விலங்கு. அதற்கு முன் அந்த மண்ணில் பன்றிக்கொழுப்பும் இல்லை, அதில் பொரிப்பதும் இல்லை. கடையில் கறியை இடம் சொல்லித்தான் கேட்பார்கள்: கொழுப்பில்லாத சதைக்கு மசீஸா, விலாவுக்கு கொஸ்தில்யா, தோலுக்கு குவெரித்தோ, இரைப்பைக்கு புச்சே. எல்லாவற்றிலும் கொஞ்சம் கலந்து கொடு என்பதற்கு சூர்த்தீதா. முதல்முறை சாப்பிடுகிறவர் சூர்த்தீதா கேட்பதே நல்லது.

கறிக்கடையில் என்னவென்று கேட்டு வாங்குவது?
(மதுரை வாசகர்)

முன்னங்கால் சப்பை. எலும்போடு, மேல்கொழுப்பைச் சீவாமல் வாங்குங்கள். முதுகுச் சதை வேண்டாம்; பார்க்க அழகாக இருக்கும், இரண்டு மணி நேரக் கொதியில் சக்கையாகிவிடும். பின்தொடையும் அவ்வளவாகச் சரிவராது. 2 கிலோ சப்பைக்கு, தோலோடு கூடிய வயிற்றுக்கறி 300 கிராம் சேர்த்தால் கடையில் கிடைக்கிற ருசி வரும்.

துண்டு போடும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். சுக்காவுக்குப் போடுவதுபோலச் சிறுசாகப் போடச் சொல்லாதீர்கள். ஒவ்வொன்றும் 8 சென்டிமீட்டராவது இருக்கணும், கைமுட்டி அளவு. சின்னத் துண்டு உள்ளே பதமாகும் முன்பே வெளியே காய்ந்துவிடும்.

பன்றிக்கொழுப்பு டப்பாவில் எங்கள் ஊரில் கிடைப்பதில்லை. எண்ணெய் ஊற்றலாமா?
(கோவை வாசகி)

ஊற்றலாம். சுத்திகரித்த கடலை எண்ணெய் அல்லது சூரியகாந்தி எண்ணெய் போதும். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் இரண்டும் தங்கள் வாசனையைக் கறி மேல் ஏற்றிவிடும்.

ஆனால் கறிக்கடையிலேயே முதுகுக் கொழுப்பு மலிவாகக் கிடைக்கும். வீட்டில் உருக்குவது வெண்ணெய் காய்ச்சுவதைவிடச் சுலபம். ஒரு கிலோ கொழுப்பை 2 சென்டிமீட்டர் துண்டாக நறுக்கி, அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, சின்னத் தீயில் ஒன்றேகால் மணி நேரம் வையுங்கள். அடி பிடிக்காமல் இருக்கத்தான் அந்தத் தண்ணீர். அது ஆவியாகிப் போய்விடும். கசண்டு இளம்பொன்னிறமாகும்போதே வடிகட்டணும். சிவக்கவிட்டால் கொழுப்பில் கருகல் வாசனை ஏறும். 700 கிராமுக்குக் குறையாமல் கிடைக்கும், ஆறினால் வெள்ளையாக உறையும். கசண்டைத் தூக்கி எறியாதீர்கள். உப்புத் தூவினால் அன்றைக்கே காலியாகும்.

முழுச் செய்முறையையும் அளவோடு தாருங்கள். என்னிடம் எண்ணெய் தெர்மாமீட்டர் இருக்கிறது.
(பெங்களூரு வாசகர்)

தெர்மாமீட்டர் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதல் நாள் இரவே 2 கிலோ கறியில் 30 கிராம் உப்பைத் தேய்த்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் சமைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெளியே எடுத்து, மேலே ஊறியிருக்கும் நீரைத் துணியால் ஒற்றி எடுங்கள். ஈரத்தோடு போட்டால் கொழுப்பு சீறித் தெறிக்கும். உள்ளே ஐஸ் இருக்கும் கறியைப் போடவே கூடாது.

பாத்திரம் 6, 7 லிட்டர் பிடிக்கிற, உயரமான, அடிகனமான எவர்சில்வர். 1.5 கிலோ கொழுப்பை உருக்கி 130 டிகிரி செல்சியஸ் வரட்டும். எலும்புத் துண்டுகளை அடியிலும் சதையை அதன் மேலும், ஒவ்வொன்றாக, உங்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சரித்து இறக்குங்கள். நுரைத்துப் பொங்கும். மேலே மூன்றில் ஒரு பங்கு இடம் காலியாக இருக்கணும் என்பது இதற்காகத்தான். சூடு சட்டென்று 100-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும், அது நல்லதே. இனி 95-க்கும் 105-க்கும் நடுவில் பிடித்து வைப்பதுதான் வேலை. குமிழிகள் சின்னச்சின்னதாக, சோம்பலாக வரணும். தளதளவென்று கொதித்தால் தீ அதிகம்.

அரை மணி கழித்து அடுப்பை அணைத்து, குமிழி அடங்கியதும், இரண்டாக வெட்டிய ஒரு கமலா ஆரஞ்சு (சாற்றைப் பிழிந்துவிட்டு, தோலோடு), உரிக்காத பூண்டு 8 பல், பிரிஞ்சி இலை 3, பட்டை ஒரு சின்னத் துண்டு, தைம் என்ற மூலிகைத்தழை ஒரு கொத்து போடுங்கள். ஆரஞ்சுச் சாற்றோடு 100 மில்லி பாலைக் கலந்து நூல்போல ஊற்றுங்கள். அவசரப்பட்டுச் சாய்த்தால் பொங்கி வழியும். பால் திரியும், பயப்பட வேண்டாம்; அதிலுள்ள சர்க்கரையும் புரதமும் கடைசியில் கறிக்கு நிறம் கொடுக்கத்தான். பாலுக்குப் பதில் கோலா பானம் ஊற்றுகிறவர்கள் மெக்சிகோவிலேயே உண்டு. அதில் சர்க்கரை மிகுதி, கண் அசந்தால் கறுத்துவிடும்.

மறுபடி தீ மூட்டி ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஜல்லிக்கரண்டியால் அடியிலிருந்து மெதுவாக அசைத்துவிடுங்கள்; தோல் துண்டுதான் முதலில் அடியில் ஒட்டும். பெரிய துண்டில் மெல்லிய கம்பியைச் செருகினால் தடையில்லாமல் இறங்கணும். அப்போது கறியின் நடுவே 92, 93 டிகிரி இருக்கும்.

அடுத்தது பொரிப்பு. ஆரஞ்சு, பூண்டு, இலை, பட்டை எல்லாவற்றையும் முதலில் பொறுக்கி எடுங்கள், இல்லாவிட்டால் கருகிக் கசக்கும். தீயைக் கூட்டுங்கள். முதலில் சத்தம் பெரிதாகும். மிச்ச ஈரம் வெளியேறுகிறது. சத்தம் தணியத் தணியச் சூடு ஏறி 160 டிகிரியைத் தொடும். அங்கிருந்து 8 முதல் 12 நிமிடத்தில் வெல்லப்பாகின் நிறம் வரும். அந்த நேரத்தில் அடுப்பை விட்டு நகரக் கூடாது. கம்பித்தட்டில் எடுத்துப் போடுங்கள். காகிதத்தில் போட்டால் அடிப்பக்கம் புழுங்கி முறுகல் போய்விடும். கால் மணி ஆறவிட்டுக் கத்தியால் கொத்துங்கள்.

கொழுப்பு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, மூடியைச் சரித்து மூடிவிடுங்கள். மூடியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

இரண்டு மணி நேரம் வைத்தும் கறி கட்டையாக இருந்தது. வெந்தது போதும் என்று இறக்கிவிட்டேன். இன்னொரு முறை ஸ்லோ குக்கரில் பஞ்சாக வெந்தது. உதிர்த்து வறுத்தால் நாராகக் காய்ந்துவிட்டது. இரண்டிலும் எங்கே பிழை?
(டொரன்டோ வாசகர்)

முதல் முறை, சீக்கிரம் இறக்கிவிட்டீர்கள். கறியின் நடுச்சூடு 60, 70 டிகிரியைத் தாண்டும்போது சதைநார் சுருங்கித் தன் நீரைப் பிழிந்துவிடும். அந்தக் கட்டத்தில் கறி இருப்பதிலேயே கெட்டி. நார்களைப் பிணைத்திருக்கும் கொலாஜன் கரைந்து ஜெலட்டினாக மாறுவது அதற்கு மேல்தான், அதுவும் நிதானமாக. கட்டையாக இருக்கிறதே என்று தோன்றினால் இறக்குவதற்கல்ல, இன்னும் அரை மணி விடுவதற்கான அறிகுறி அது. தீயைக் கூட்டினால் இந்த வேலை வேகமாக நடக்காது, வெளிப்புறம்தான் வீணாகும்.

இரண்டாவது முறை, வரிசை தலைகீழாகிவிட்டது. உதிர்த்த நாருக்கு நாலு பக்கமும் திறந்த மேற்பரப்பு. சூடு பட்டதும் மிச்ச ஈரமும் போய்விடும். துண்டு முழுசாக இருக்கும்போதே முறுகவைக்கணும், உதிர்ப்பது கடைசியில். ஸ்லோ குக்கரில் எடுத்த கறியை ஓவன் தட்டில் பரப்பி, அடியில் நின்ற சாற்றைப் பாதியாகச் சுண்டவைத்து மேலே ஊற்றி, 220 டிகிரியில் ஒரு பக்கத்துக்கு 8 நிமிடம் என்று திருப்பிப் போடுங்கள்.

பிரஷர் குக்கர் உள்ளவர்கள் அரை டம்ளர் ஆரஞ்சுச் சாறு மட்டும் ஊற்றி, முதல் விசிலுக்குப் பிறகு சின்னத் தீயில் 35 நிமிடம் வைத்து, ஆவி தானாக அடங்கவிடலாம். திறந்து, நீர் முழுக்க வற்றும்வரை கொதிக்கவிட்டு, கறியிலிருந்து இறங்கிய கொழுப்பிலேயே புரட்டி எடுத்தால் வார நாளுக்குப் போதுமான கார்னித்தாஸ். அண்டாவில் வெந்ததோடு ஒப்பிடக் கூடாது.

பன்றித்தோலை எண்ணெயில் போட்டால் பொரியாமல் கல்லாக நிற்கிறது.
(புதுச்சேரி வாசகி)

பச்சைத் தோல் நேரே பொரியாது. மெக்சிகோவில் சிச்சாரோன் (பொரித்த பன்றித்தோல்) போடுகிறவர்கள் தோலை முதலில் குறைந்த சூட்டுக் கொழுப்பில் நிதானமாக வாட்டி, பிறகு நல்ல சூட்டுக் கொழுப்பில் போட்டுப் பொரியவிடுவார்கள். வீட்டுக்கு இன்னொரு வழி தோதானது.

தோலை உப்புத் தண்ணீரில் ஒரு மணி நேரம், விரல் நகம் பதியும் அளவு வேகவையுங்கள். சூடு ஆறியதும் உள்பக்கக் கொழுப்பைக் கரண்டியால் வழித்து எடுங்கள். ஒரு திட்டு விடக் கூடாது. கொழுப்பு நிற்கிற இடம் உப்பாது. 3 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, 70 டிகிரி ஓவனில் 7, 8 மணி நேரமோ, நல்ல வெயிலில் வலை மூடியோ காயவையுங்கள். வடகம் மாதிரி, வளைத்தால் படக்கென்று ஒடியணும். உள்ளே எஞ்சியிருக்கும் துளி ஈரம் ஆவியாகித்தான் தோலை உப்பவைக்கிறது. ஈரம் அதிகமானால் சவ்வு, எண்ணெய் சூடு போதாவிட்டால் கல். 195 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டில் பன்றிக்கொழுப்பு புகைய ஆரம்பிக்கும், ஆகவே இதற்கு மட்டும் சுத்திகரித்த கடலை எண்ணெய். ஒரு தடவைக்கு நாலைந்து துண்டுதான்.

ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரம் இருக்கிறது. செப்பு அண்டாவுக்குப் பதில் அது ஆகுமா?
(தஞ்சாவூர் வாசகி)

வேண்டாம். பூச்சிலுள்ள வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும்; கொழுப்பு உருகும் முன் வெறும் பாத்திரத்தைத் தீயில் வைத்தால் அந்தச் சூடு சீக்கிரமே வந்துவிடும். அண்டாவுக்கு மெக்சிகோக்காரர்கள் செம்பைத் தேர்ந்தெடுத்தது சூடு எல்லாப் பக்கமும் சமமாகப் பரவுவதால். சாந்தா கிளாரா தெல் கோப்ரே என்ற ஊர் செப்புப் பாத்திரத்துக்கே பெயர் வாங்கியது. ஆனால் பூச்சில்லாத செம்பில் புளிப்பு பட்டால் உலோகம் இறங்கும். இரும்புச் சட்டியும் ஆரஞ்சு போட்டால் கறுக்கும். எவர்சில்வரே பாதுகாப்பு.

பன்றிக்கறியில் நாடாப்புழு இருக்கும் என்கிறார்களே?
(திருச்சி வாசகர்)

அரைவேக்காட்டில்தான் ஆபத்து. 90 டிகிரியைத் தாண்டி இரண்டு மணி நேரம் வேகும் இந்தக் கறியில் புழுவின் கூடுகள் பிழைக்காது. மூளைக்குப் போகும் நாடாப்புழு நோய் கறி வழியாக வருவதல்ல. புழு உள்ள மனிதரின் மலத்திலிருந்து முட்டைகள் தண்ணீர், கீரை, கழுவாத கை வழியாக வாய்க்குப் போவதால் வருவது. சைவம் சாப்பிடுகிறவருக்கும் வரும். பச்சைக்கறி பட்ட கத்தியையும் பலகையையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே கொத்தமல்லி நறுக்குங்கள்.

சப்பாத்தியில் வைத்துச் சாப்பிடலாமா? டொமாட்டில்லோ (சட்னிக்குப் போடும் புளிப்பான மெக்சிகோ பச்சைக்காய்) கிடைக்காது, என்ன செய்ய?
(சேலம் வாசகி)

தாராளமாக. வடமெக்சிகோவில் கோதுமைத் தோர்த்தியா என்ற மெல்லிய ரொட்டிதான் வழக்கம். மக்காச்சோள மாவை வாங்கித் தட்டினால் உதிரும். சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறவைத்து அரைத்த சோளத்தில்தான் மாவு பிடிக்கும்.

டொமாட்டில்லோ சட்னிக்குப் பதிலாக, கெட்டியான பச்சைத் தக்காளி கால் கிலோ, பச்சை மிளகாய் 3, பூண்டு 2 பல், பாதி வெங்காயம். எல்லாவற்றையும் வெறும் சட்டியில் கரும்புள்ளி விழச் சுட்டு, கைப்பிடி கொத்தமல்லி, உப்போடு கொரகொரப்பாக அரைத்து எலுமிச்சை பிழியுங்கள். புளிப்பு தூக்கலாக இருக்கணும். கொழுப்புக் கறிக்கு ஈடு அதுதான்.

மிச்சமான கறியையும் கொழுப்பையும் எப்படி வைப்பது?
(ஈப்போ வாசகர்)

கொழுப்பைச் சூடு குறைந்ததும் துணியில் வடிகட்டிக் குளிரவிட்டால் அடியில் பழுப்புக் கூழ் ஒன்று தங்கும். உறைந்த கொழுப்பைத் தூக்கி எடுத்து வேறு பாத்திரத்தில் வையுங்கள். கூழோடு விட்டால் சீக்கிரம் கெடும். பிரித்து ஃபிரிட்ஜில் வைத்தால் இன்னும் இரண்டு முறை கார்னித்தாஸ் செய்யலாம். கூழை, வேகவைத்த ராஜ்மாவை மசித்துத் தாளிக்கும்போது சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் உப்பு இருக்கும், தனியாக உப்புப் போடும் முன் ருசி பாருங்கள்.

கறி ஃபிரிட்ஜில் நாலு நாள் தாங்கும். கொழுப்பு மூடியிருக்கிறதே என்று வெளியே வைத்துவிடாதீர்கள்; காற்றுப் புகாத அந்த மூடலுக்குள் வளரும் கிருமிகளும் உண்டு. சூடாக்க மைக்ரோவேவ் வேண்டாம். காய்ந்த தோசைக்கல்லில் ஒரு கை தண்ணீர் தெளித்து மூடி, ஆவி போனதும் திறந்து, கொத்தாமல் அப்படியே ஒரு பக்கம் முறுகவிடுங்கள்.