புவிவெப்ப மின்சாரம் உலகில் ஏன் இவ்வளவு மெதுவாக வளர்கிறது? இனி வேகம் எடுக்குமா?

1904-இல் இத்தாலியின் லார்தரெல்லோவில் நிலத்தடி நீராவியால் ஐந்து பல்புகளை எரித்துக் காட்டினார்கள். இன்றும் உலகின் மொத்த நிறுவுதிறன் (எல்லா நிலையங்களும் சேர்ந்து தரக்கூடிய மின்திறன்) சுமார் 16 ஜிகாவாட்தான். இரவும் பகலும் ஓடும் மின்சாரத்துக்கு இது மிகக் குறைவு. கென்யா மட்டும் தன் மின்சாரத்தில் கிட்டத்தட்டப் பாதியை இதிலிருந்து எடுக்கிறது.

காரணம், சூடு, நீர், வெடிப்புள்ள பாறை மூன்றும் ஒரே இடத்தில் அமைய வேண்டும். அமைந்திருக்கிறதா என்பது துளையிட்டால்தான் உறுதியாகும்; இல்லையென்றால் போட்ட பணம் போனதுதான். கிடைத்த பிறகும் நீரில் கரைந்துள்ள சிலிக்கா என்ற தாது படிந்து குழாய் அடைக்கும். எடுத்த நீரைத் திருப்பிச் செலுத்தாவிட்டால் அழுத்தம் இறங்கும். கலிபோர்னியாவின் கெய்சர்ஸ் புவிவெப்பக் களத்தில் 1980களின் இறுதியில் உற்பத்தி சரிந்தது இதனால்தான். பின்னர் சுத்திகரித்த கழிவுநீரை உள்ளே செலுத்திச் சரிவை மட்டுப்படுத்தினார்கள்.

எதிர்காலம் இருப்பது வறண்ட சூடான பாறையில். ஆழம் ஒரு கிலோமீட்டர் கூடினால் வெப்பம் பொதுவாக 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் ஏறும். ஆகவே 5, 6 கிலோமீட்டரில் பல நாடுகளுக்கும் போதுமான சூடு உண்டு. எண்ணெய்த் துறையின் கிடைமட்டத் துளையிடலைக் கொண்டு இரு கிணறுகள் தோண்டி, உயர் அழுத்த நீரால் இடைப்பட்ட பாறையில் வெடிப்புகளைத் திறக்கிறார்கள். ஒன்றில் இறங்கும் நீர் மற்றதில் சூடாக ஏறும். சர்வதேச எரிசக்தி முகமை 2024-இல் வெளியிட்ட அறிக்கை, செலவு குறைந்தால் 2050-க்குள் 800 ஜிகாவாட் வரை சாத்தியம் என்கிறது.

இப்படி நீர் செலுத்துவது தூண்டக்கூடிய நிலநடுக்கத்தை மட்டும் அலட்சியப்படுத்தக் கூடாது. 2006-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம் அதிர்ந்து திட்டமே கைவிடப்பட்டது. 2017-இல் தென்கொரியாவின் போஹாங்கில் 5.4 ரிக்டர். பிளவுக்கோடுகளை முன்பே ஆராய்வதும், அதிர்வு கூடியதும் நீர் செலுத்துவதை நிறுத்துவதும் கட்டாயம்.