குழாய்த் தையலைப் பற்றிப் பட்டறைக்காரர்களின் கேள்விகள்

மலேசியாவின் பகாவ் வட்டாரத்தில் கேட், கூரை வேலை செய்பவர்கள் கேட்டவை. தையல் என்பது குழாயின் நீளம் முழுக்க ஓடும் வெல்டிங் கோடு. பதில் சொல்பவர் குழாய் ஆலையில் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

கேள்வி: அண்ணே, ஒரு மூலையை ஒட்டவே எங்களுக்கு ராடு தீர்ந்துபோகிறது. ஆலையில் குழாய் நெடுக எப்படி வெல்டிங் வைக்கிறார்கள்?

பதில்: ராடே கிடையாது தம்பி. ஒரு அங்குலக் குழாய்க்குச் சுமார் 75 மில்லிமீட்டர் அகலத் தகடு சுருளிலிருந்து ஓடி வரும். வரிசையாக நிற்கும் உருளைகள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைக்கும். இரண்டு விளிம்பும் 'வி' போல நெருங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு செம்புக் காயில் இருக்கும். வீட்டுக் கரண்ட் விநாடிக்கு 50 சுற்று, இந்தக் காயிலில் ஓடும் கரண்ட் லட்சக்கணக்கில். அந்த வேகத்தில் கரண்ட் இரும்பின் மேல்தோலோடுதான் ஓடும், அதுவும் எதிர் விளிம்பை ஒட்டியே. அதனால் விளிம்பு மட்டும் பழுத்துவிடும். உடனே பக்கத்து உருளைகள் நெருக்க, உருகியதும் ஆக்சைடும் பிதுங்கி வெளியேறும். உள்ளிருக்கும் சுத்தமான இரும்பு ஒட்டிக்கொள்ளும்.

குழாய்க்குள் ஃபெர்ரைட் என்ற காந்தப் பொருளால் ஆன ஒரு தண்டு தண்ணீரில் குளிர்ந்தபடி கிடக்கும். கரண்ட் உட்சுவரைச் சுற்றி வீணாகாமல் விளிம்புக்குப் போவது அதனால்தான். அது உடைந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, விளிம்பின் நிறம்தான் மங்கும். அப்போது தண்டை மாற்றாமல் பவரைக் கூட்டிச் சமாளிக்கிற ஆள் மெஷின் பக்கமே வரக்கூடாது.

கேள்வி: சுருள் தீர்ந்தால் நிறுத்துவார்களா?

பதில்: மாட்டார்கள். முன்னாலேயே நிறைய தகட்டைச் சேர்த்து வைக்கும் அமைப்பு இருக்கும். பழைய சுருளின் வாலில் புதியதை ஒட்டி முடிக்கும்வரை மில் அந்தச் சேமிப்பைத் தின்னும். வெட்டும் ரம்பமும் குழாயோடு கூடவே ஓடித்தான் வெட்டும். நிமிடத்துக்கு 100 மீட்டர் ஓடினால் 6 மீட்டர் குழாய் 4 விநாடிக்குள் வந்துவிடுமே!

கேள்வி: ஐயா, ஜிஐ குழாயில் ஒரே கோட்டில் துரு பிடிக்கிறது. மட்டமான சரக்கா?

பதில்: முதலிலேயே நாகம், அதாவது துத்தநாகம், பூசிய தகட்டில் செய்த குழாயாக இருக்கும். வெல்டிங் சூட்டில் அந்தக் கோட்டில் நாகம் எரிந்துபோகும்; பிதுங்கிய இரும்பை வெளியே செதுக்கும்போது மிச்சமும் போகும். நல்ல ஆலை அதன்மேல் நாகக் கம்பியை உருக்கித் தெளிக்கும். அந்தத் தெளிப்பு மெலிந்தால் துரு அங்கேதான் தொடங்கும். அதைவிட, நீங்கள் மூலையில் வைக்கும் வெல்டிங்கைப் பாருங்கள். அங்கே துத்தநாகப் பெயின்ட் அடிக்கிறீர்களா?

அப்புறம் ஒன்று. நாகப்புகை குடித்து இரவில் குளிர்க்காய்ச்சல் வந்தால் பால் குடித்தால் போதும் என்பது பட்டறைப் பேச்சு. பால் புகையைத் தடுக்காது. பூச்சை உரசி எடுத்துவிட்டுக் காற்றோட்டமான இடத்தில் ஒட்டுங்கள்.

கேள்வி: சதுரக் குழாய்?

பதில்: பெரும்பாலும் வட்டமாக ஒட்டி, பிறகு உருளையில் நெருக்கிச் சதுரமாக்குவார்கள்.

கேள்வி: மாமா, கடையில் வாங்கியதை எப்படிச் சோதிப்பது? வளைக்கும்போது தையல் எந்தப் பக்கம் இருக்க வேண்டும்?

பதில்: இரண்டு அங்குலத் துண்டு வெட்டி, தையல் பக்கவாட்டில் இருக்கும்படி வைஸில் (பட்டறைப் பிடிக்கருவியில்) நசுக்குங்கள். அங்கேதான் அதிகம் மடியும். மோசமான தையல் அங்கே வாயைப் பிளக்கும். குழாயை வளைக்கும்போது தையல் வெளி வளைவிலும் வேண்டாம், உள் வளைவிலும் வேண்டாம், நடுப்பக்கவாட்டில் இருக்கட்டும்.