ஸ்டாம்ப் பேப்பரில் பிள்ளை வாங்காதீங்க

சகோதரி, 9 வருஷமா குழந்தை இல்ல, தெரிஞ்ச நர்ஸ் மூலமா கல்யாணமாகாத ஒரு பொண்ணோட குழந்தை கிடைக்கும், 20 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பர்ல கையெழுத்து, ‘ஆஸ்பத்திரிச் செலவு’ 3 லட்சம், சரியான்னு கேட்டிருக்கீங்க. வேண்டாம்மா. அதுக்குப் பேரு தத்து இல்ல, விலைக்கு வாங்கறது. 2015 இளைஞர் நீதிச் சட்டம் 81ஆம் பிரிவுல 5 வருஷம் வரை சிறை. ஆஸ்பத்திரி ஆளே விற்றா 7 வருஷம் வரை.

நான் குழந்தைகள் நலப் பணியில இருந்தப்போ ஒரு தம்பதி அப்படிப்பட்ட பேப்பரை லேமினேட் பண்ணிக் கொண்டுவந்தாங்க. பிள்ளையை ஸ்கூல்ல சேர்க்கப் பிறப்புச் சான்றிதழ் இல்ல. அந்தம்மா கடைசி வரைக்கும் மடியிலிருந்து பிள்ளையை இறக்கவே இல்ல.

அந்தப் பொண்ணையும் நினைச்சுப் பாருங்க. அவ குழந்தைகள் நலக் குழு முன்னாடி ஒப்படைச்சா, மனசு மாற 2 மாசம் அவகாசம் உண்டு. நர்ஸ் வழியில அது கிடையாது. குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொன்னா அவளுக்கு உதவி கிடைக்கும், காசும் கேக்க மாட்டாங்க.

நீங்க ‘காரா’ங்கிற மத்திய அரசு தத்தெடுப்பு ஆணையத்தோட இணையதளத்துல ரெண்டு பேர் பேர்லயும் பதிவு பண்ணுங்க. 2 வயசுக்குள்ள குழந்தைன்னா உங்க ரெண்டு பேர் வயசும் சேர்த்து 85க்கு மேல போகக்கூடாது, அதனால தள்ளிப்போடாதீங்க. வீட்டு விசாரணைக்கு வருவாங்க, பயப்படாதீங்க. அலமாரி அடுக்கி வெச்சிருக்கான்னு பார்க்க வர்றதில்ல. தத்துக்கான கடைசி உத்தரவு இப்ப கலெக்டர்கிட்ட, 2022லிருந்து. காத்திருப்பு வருஷக்கணக்கா இழுக்கும், அதைப் பொய் சொல்ல மாட்டேன்.

நர்ஸுக்கு முன்பணம் ஏதாவது கொடுத்துட்டீங்களா? அதை முதல்ல சொல்லுங்க.