சுவர்ச் சூட்டில் மாதுளை பழுக்குமா?

கேள்வி: இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் கொழுந்தனார் ஒரு படம் அனுப்பியிருந்தார். செங்கல் சுவரில் பேரிக்காய் மரத்தை விசிறி மாதிரி விரித்துக் கட்டியிருக்கிறார்கள். சுவர்ச் சூட்டில் பழம் சீக்கிரம் பழுக்குமாம். நாங்களும் வீட்டைச் சுற்றி ஆறடிக்கு ஹாலோ பிளாக் சுவர் எழுப்பப் போகிறோம். அதை ஒட்டி மாதுளை வைக்கலாமா?
ஒரு வாசகி, உச்சிப்புளி

பதில்: வைக்கலாம், ஆனால் எந்தச் சுவரில் என்பதுதான் விஷயம். அந்த ஊரில் சூரியன் தெற்கே தாழ்வாகவே போகும், அதனால் தெற்கு பார்த்த சுவரில் வெயில் நேராக விழுந்து, பகலெல்லாம் சூட்டை வாங்கிக்கொள்ளும் செங்கல் ராத்திரியில் கொஞ்சம் கொஞ்சமாக விடும், பூவும் பனியில் கருகாது. பாரீஸை ஒட்டிய மோந்த்ரோய் என்ற ஊரில் பீச் பழத்துக்காகவே இப்படிச் சுமார் 600 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுவர் கட்டியிருந்தார்கள்! அதுவும் போதாதென்று இங்கிலாந்தில் சுவருக்குள் புகைக்குழாய் விட்டு அடுப்பெரித்தவர்களும் உண்டு.

நமக்கு அந்தக் கவலை ஏது? சித்திரை பிறக்கிற சமயம் இங்கே உச்சிவெயில் தலைக்கு நேர் மேலே. அப்புறம் ஆவணி வரை நடுப்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருப்பதால் தெற்கு பார்த்த சுவருக்கு அந்நேரம் வெயிலே கிடையாது. சூடேறுவதெல்லாம் மேற்கு பார்த்த முகம்தான். அதாவது உங்கள் கிழக்குப்புறச் சுவரின் உள்பக்கம். ஏர்வாடி பக்கம் என் மாமியார் வீட்டில் அங்கே ஒரு திராட்சைக் கொடி வைத்துப் பங்குனியிலேயே இலை அப்பளமாகிவிட்டது. அந்த இடத்தில் முண்டு வத்தல் காயப்போடுங்கள். மாதுளைக்கு மேற்குச் சுவரின் உள்பக்கம் சரி, காலை வெயில் உண்டு, மத்தியானத்துக்கு மேல் நிழல்.

ஆனால் நம் கரையில் சூட்டைவிடக் காற்றுதான் எதிரி. கச்சான், அதாவது மேல்காற்று, அடிக்கும் மாதங்களில் மணலும் உப்பும் சேர்ந்து வரும். அடைத்துக் கட்டிய சுவரில் மோதும் காற்று மேலேறி, அந்தப் பக்கம் சுழன்று செடி மேலேயே இறங்கும், பனைமட்டை வேலி என்றால் பாதியை உள்ளே விட்டு வேகத்தைக் குறைத்துவிடும். அதனால் மேற்குச் சுவரில் மேல் இரண்டு வரிசைக்கு ஓட்டை வைத்த ஜாலிக் கல் போடச் சொல்லுங்கள், கொத்தனார் முணுமுணுப்பார், பரவாயில்லை. செடியைச் சுவரிலிருந்து நாலைந்து அடி தள்ளி வையுங்கள். கிளையை இழுத்துக் கட்ட நைலான் கயிறு போதும், ஆணியும் கம்பியும் உப்புக்காற்றில் சீக்கிரமே துருப்பிடித்துவிடும்.