ஓடுகிற பிள்ளைக்கு எந்த உடை?

களியக்காவிளை, பாறசாலை, மார்த்தாண்டம், குளச்சல் பக்கமிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பெண்பிள்ளைகளின் விளையாட்டு உடையைப் பற்றியவை. உடற்கல்வி ஆசிரியை ஒருவரும் வேதபாட ஆசிரியை ஒருவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். தடை ஓட்டத்தில் மாவட்ட அளவுக்குத் தேர்வாகியிருக்கிறாள். குட்டை ஷார்ட்ஸ்தான் போட வேண்டும் என்கிறார் பயிற்சியாளர். சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாமாரோ, "பாடகர் குழுவில் நிற்கிற பிள்ளையா இது?" என்கிறார்கள். முழுக்கால் உடை போட்டால் ஓட விட மாட்டார்களா?
*ஒரு தாய், களியக்காவிளை*

பதில்: விடுவார்கள், அம்மா. உலகத் தடகள விதி உடையைப் பற்றிக் கேட்பது கொஞ்சம்தான். சுத்தமாக இருக்க வேண்டும், ஆட்சேபத்துக்கு இடம் தரக்கூடாது, நனைந்தாலும் உள்ளே தெரியாத துணியாக இருக்க வேண்டும். பெண்ணுக்கு இத்தனை அங்குல நீளம்தான் என்று அதில் எங்கும் இல்லை. பள்ளிக்கோ மாவட்ட அணிக்கோ நிறம் குறித்திருந்தால் அதே நிறத்தில் வாங்குங்கள். போட்டி நாளன்று வாக்குவாதம் வேண்டாம். ஒரு வாரம் முன்பே அணிப் பொறுப்பாளரிடம் உடையைக் காட்டி ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

பயிற்சியாளர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. உடை உடம்போடு ஒட்டியிருப்பது வேறு, குட்டையாக இருப்பது வேறு. தடையைத் தாண்டும்போது பின்னங்கால் முட்டி மடங்கிப் பக்கவாட்டில் சுழன்று வரும். தொளதொளப்பான டிராக் பேண்ட் தடையின் விளிம்பில் சிக்கினால் பிள்ளை முகம் குப்புற விழுவாள். அதனால் கணுக்கால்வரை நீளும் டைட்ஸ், அதன்மேல் தொடையின் பாதிவரை வரும் லேசான ஷார்ட்ஸ் என்பது தடை ஓட்டத்துக்குப் பொருத்தம். வெறும் அகலமான ஷார்ட்ஸைவிட இதுதான் மறைவும்கூட. தரையில் உட்கார்ந்து கால் நீட்டி உடலைத் தளர்த்தும்போது அகலமான ஷார்ட்ஸ் விலகும் என்பதைப் பெரியவர்கள் யாரும் யோசிப்பதில்லை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை. பருத்தி லெக்கிங்ஸ் வேண்டவே வேண்டாம். வியர்வையில் நனைந்து ஒட்டும், உள்ளே தெரியும், தொடை உரசிப் புண்ணாகும். பாலியெஸ்டரோ நைலானோ, அதோடு 15 முதல் 20 சதவீதம் எலாஸ்டேன் என்ற இழுபடும் இழை கலந்த, சதுர மீட்டருக்கு 220 கிராமுக்குக் குறையாத துணி நல்லது. கருப்பு, கடல்நீலம் பாதுகாப்பு. வெளிர் சாம்பல் வியர்வையை அப்படியே காட்டும். உள்ளங்கையின் மேல் துணியை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். விரல் ரேகை தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் டியூப்லைட் வெளிச்சத்தில் பிள்ளையைக் குந்தி எழச் சொல்லி நீங்களே பின்னால் நின்று பாருங்கள். அந்தக் குந்தலில் தேறாத துணி மைதான வெயிலிலும் தேறாது.

ஜெர்சியில்தான் பெரிய கோளாறு. மொத்தமாகத் தைப்பவர்கள் ஆண்களின் அளவு வார்ப்பையே எல்லோருக்கும் வெட்டுகிறார்கள். அதைப் பெண்பிள்ளை போட்டால் கழுத்து தொங்கும், அக்குள் வெட்டு ஆழமாகிப் பக்கவாட்டில் உள்ளாடை தெரியும், இடுப்பில் பிடிக்கும். ஆர்டர் கொடுக்கும்போதே பெண்கள் வார்ப்பு என்று எழுதிக் கொடுங்கள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாலும் ஜெர்சியின் ஓரம் இடுப்புப் பட்டைக்குக் கீழே நாலு விரல் நிற்க வேண்டும்.

ஸ்போர்ட்ஸ் பிராவைப் பற்றிப் பேச வீட்டில் கூச்சப்படுகிறோம். அது இல்லாமல்தான் பல பிள்ளைகள் தோளைக் கூனிக்கொண்டு ஓடுகிறார்கள். தாங்குவது தோள்பட்டை நாடா அல்ல, மார்புக்குக் கீழே சுற்றும் பட்டை. பட்டைக்குள் இரண்டு விரல் நுழைந்தால் சரி, கை முழுவதும் நுழைந்தால் பெரிது. நின்ற இடத்தில் பத்துத் தடவை குதிக்கச் சொல்லுங்கள். முதுகுப் பக்கம் பட்டை மேலே ஏறினால் ஒரு அளவு குறைக்க வேண்டும். சாதாரண உள்ளாடை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடும் வழக்கம் மூச்சைத்தான் பிடிக்கும், அசைவை நிறுத்தாது. வெந்நீரும் துணி மென்மையாக்கும் திரவமும் பட்டையின் இழுவையைக் கெடுத்துவிடும்.

இனி அம்மாமார். அவர்கள் மனதில் இருப்பது 1 தீமோத்தேயு 2:9 ஆக இருக்கும். பவுல் அங்கே அடுக்குவது பின்னிய மயிர், பொன், முத்து, விலையேறப்பெற்ற வஸ்திரம். சபையில் பணத்தைக் காட்டி நிற்பவர்களை நோக்கிய பேச்சு அது. நம் பக்கத்துக் கல்யாண ஆராதனைகளில் கழுத்து கொள்ளாத பவுனோடு பெண் நிற்கும்போது இந்த வசனத்தை யாரும் எடுப்பதில்லை, ஓடுகிற பிள்ளையின் காலுக்கு மட்டும் எடுக்கிறார்கள். "தகுதியான வஸ்திரம்" என்று பவுல் சொல்வதை நாங்கள் செய்யும் காரியத்துக்குத் தகுதியான உடை என்றே கொள்கிறோம். பாடகர் குழுவுக்கு ஒன்று, ஓடுபாதைக்கு ஒன்று.

கேள்வி: பெண்கள் பேண்ட் போடுவது உபாகமம் 22:5-க்கு விரோதம் அல்லவா?
*ஒரு வாசகர், அருமனை*

பதில்: புருஷரின் உடையை ஸ்திரீ தரிக்கலாகாது என்கிறது அந்த வசனம். பெண்ணுக்கென்றே வெட்டித் தைத்த டிராக் பேண்ட் ஆணின் உடை அல்ல. அதே அதிகாரத்தின் 11-ஆம் வசனம் ஆட்டுமயிரும் பஞ்சும் கலந்த துணியை விலக்குகிறது. கலப்புத் துணிச் சட்டையோடு பீடத்தருகே நிற்பவரை யாரும் வெளியே அனுப்புவதில்லை.

கேள்வி: நான் போகும் ஜிம்மில் பெண்கள் ஒட்டிய உடையில் வருகிறார்கள். மனம் அலைபாய்கிறது. இடறல் உண்டாக்குவது அவர்கள் பாவம்தானே? நிர்வாகத்திடம் உடைக்கட்டுப்பாடு கேட்கலாமா?
*ஒரு வாலிபர், மார்த்தாண்டம்*

பதில்: தம்பி, மத்தேயு 5:28-ஐ அடுத்த வசனத்தோடு சேர்த்துப் படியுங்கள். வலது கண் இடறல் உண்டாக்கினால் பிடுங்கி எறியச் சொல்கிறார் இயேசு. யாருடைய கண்ணை? பார்க்கிறவனுடைய கண்ணை. எதிரே நிற்கிறவளுக்கு அங்கே ஒரு கட்டளையும் இல்லை. யோபுவும் தன் கண்களோடுதான் உடன்படிக்கை பண்ணினார், ஊர்ப் பெண்களோடு அல்ல. உடைக்கட்டுப்பாடு கேட்டால் உங்கள் வேலையை அவர்கள் தலையில் ஏற்றுகிறீர்கள்.

நீங்கள் செய்யக்கூடியது நிறைய. குந்து பயிற்சி, டெட்லிஃப்ட் செய்கிறவருக்கு நேர் பின்னால் நிற்காதீர்கள், பக்கவாட்டுக்கு நகருங்கள். கண்ணாடி வழியாகப் பார்ப்பதும் பார்ப்பதுதான், அவர்களுக்கும் அது தெரியும். செட்டுக்கு நடுவே 90 விநாடி ஓய்வென்றால் கடிகாரத்தையோ உங்கள் பயிற்சி நோட்டையோ பாருங்கள். மொபைல் பையிலேயே இருக்கட்டும். கேட்காமல் போய் "இப்படிச் செய்யுங்கள் சிஸ்டர்" என்று திருத்த வேண்டாம். அதன் பிறகும் முடியவில்லையென்றால் கூட்டம் குறைந்த நேரத்துக்கு மாறவேண்டியது நீங்கள். ஜிம்முக்குப் போகும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை: மறைவுக்கென்று துப்பட்டாவோடு டிரெட்மில்லில் ஏறாதீர்கள். பெல்ட்டில் மாட்டினால் கழுத்தை இழுக்கும். இடுப்புக்குக் கீழே வரும் தளர்ந்த டி-ஷர்ட் போதும்.

கேள்வி: கடற்கரைக் கைப்பந்து (வாலிபால்), கைஎறிபந்து (ஹேண்ட்பால்) ஆடும் பெண்கள் ஏன் அவ்வளவு குறைந்த உடையில் ஆடுகிறார்கள்? அவர்களே விரும்பியா?
*கல்லூரி மாணவி, பாறசாலை*

பதில்: எல்லோரும் விரும்பி அல்ல, மக்களே. பல ஆண்டுகள் அது விதியாகவே இருந்தது. கடற்கரைக் கைப்பந்தில் பெண்களின் கீழாடை பக்கவாட்டில் 7 சென்டிமீட்டருக்கு மேல் அகலம் இருக்கக்கூடாது என்றிருந்தது. 2012-இல்தான் ஷார்ட்ஸும் கையுள்ள மேலாடையும் போடலாம் என்று பொதுவாகத் தளர்த்தினார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் எகிப்துப் பெண்கள் முழுக்கை, முழுக்கால் உடையில் ஆடினார்கள்.

கடற்கரைக் கைஎறிபந்தில் அந்த அளவு 10 சென்டிமீட்டர். 2021 ஜூலையில் பல்கேரியாவின் வர்ணாவில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் நார்வே பெண்கள் அணி தெரிந்தே ஷார்ட்ஸ் போட்டு இறங்கியது. 1,500 யூரோ அபராதம் போட்டார்கள். உலகமே கேள்வி கேட்ட பிறகு, 2022 ஜனவரி 1 முதல் ஷார்ட்ஸை அனுமதித்தார்கள். அப்போதும் பெண்களுக்கு "ஒட்டிய" குட்டை ஷார்ட்ஸ், ஆண்களுக்குச் சாதாரண ஷார்ட்ஸ்! இந்த வேறுபாட்டுக்கு ஆட்டத்தில் என்ன காரணம் என்று எங்களுக்கு இன்றுவரை விளங்கவில்லை. அதே மணல், அதே பந்து.

ஜிம்னாஸ்டிக்ஸ் கதை வேறு. முழுக்கால் உடைக்கு விதியில் முன்பே இடமிருந்தது, பெரும்பாலோர் போடவில்லை. 2021-இல் ஜெர்மனி அணி டோக்கியோவில் கணுக்கால்வரை மூடிய உடையில் இறங்கியது. யாருக்கு எது வசதியோ அதை அவரவரே தீர்மானிக்கட்டும் என்பதே அவர்கள் சொன்னது.

இதைப் படிக்கும் நம் ஊர்க்காரர்களுக்குப் பழைய காரியம் ஒன்று நினைவுக்கு வர வேண்டும். இதே தென்திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மூடியதற்காகச் சந்தையில் துணி கிழிக்கப்பட்டார்கள். 1829 அறிவிப்பு, கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் என்ற தைத்த மேற்சட்டை போடலாம், தோளில் போர்த்தும் தோள்சீலை கூடாது என்றது. 1859 ஜூலை 26-இல் உத்திரம் திருநாள் மகாராஜா எல்லா நாடார் பெண்களும் மூடிக்கொள்ளலாம் என்று அறிவித்தபோதும், மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக்கூடாது என்ற கொக்கி இருந்தது. அன்று மூடாதே என்று அரசு சொன்னது. வர்ணாவில் குறை என்று விளையாட்டுச் சங்கம் சொன்னது. இன்று இன்னும் மூடு என்று சில சபைகள் சொல்கின்றன. மூன்றிலும் உடுத்துகிறவளை யாரும் கேட்கவில்லை. அந்தப் பாட்டிமாரின் பேத்திகள் விருப்பத்தோடு மூடுவதை நாங்கள் மதிக்கிறோம். கட்டாயப்படுத்துவதை, அது எந்தப் பக்கமிருந்து வந்தாலும், அடக்கம் என்று அழைக்க மாட்டோம்.

கேள்வி: எங்கள் சபை மண்டபத்தில் பெண்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு நடத்துகிறோம். படங்களைச் சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டதில் சண்டை வந்துவிட்டது. என்ன ஒழுங்கு வைக்கலாம்?
*ஐக்கிய சங்கச் செயலாளர், குழித்துறை*

பதில்: சேரும்போதே படத்துக்குச் சம்மதமா என்று எழுத்தில் கேளுங்கள், 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரும் கையெழுத்திட வேண்டும். படம் எடுப்பவர் ஒருவர் மட்டும், அவரும் பெண். முன்பக்கமிருந்து, முகமும் செயலும் தெரியும்படி, கண் உயரத்தில் எடுக்க வேண்டும். தரையிலிருந்து மேல்நோக்கியோ, குனிந்திருக்கும்போது பின்னாலிருந்தோ கூடாது. பெரிய இடங்களிலேயே இது தவறியிருக்கிறது. 2019-இல் தோஹாவில் நடந்த உலகத் தடகளத்தில் ஓட்டத் தொடக்கக் கட்டைக்குள் கேமரா பதித்து, குனிகிற பெண்களைக் கீழிருந்து காட்டினார்கள். ஜெர்மன் வீராங்கனைகள் முறையிட்ட பிறகே கட்டுப்படுத்தினார்கள். குழுவில் போடும் முன் படத்திலிருப்பவர் ஒருமுறை பார்க்கட்டும். உடை மாற்றும் அறைக்குள் மொபைலே வேண்டாம். அங்கே மறைந்து படமெடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆம் பிரிவில் குற்றம்; முதல் முறைக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு சிறை.

கேள்வி: "வயிறு தெரிகிறது, போட்டோவில் நன்றாக இருக்காது, மெலிந்து வா" என்று பயிற்சியாளர் எல்லோர் முன்னும் சொல்கிறார். அடிக்கடி இடுப்பைத் தொட்டுத் திருத்துகிறார். சொன்னால் அணியில் இருந்து எடுத்துவிடுவார் என்று பயம்.
*பெயர் வேண்டாம்*

பதில்: வீட்டில் இன்றே சொல்லுங்கள், மக்களே. தப்பு உங்கள் மேல் இல்லை. முறையான பயிற்சியாளர் தொடுமுன் கேட்பார், எதற்கு என்று சொல்வார், மற்றவர்கள் முன்னிலையில் மட்டுமே செய்வார். 18-க்குக் கீழ் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. பெண்கள் உதவிக்கு 181. பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் (2013) விளையாட்டு நிலையங்களையும் மைதானங்களையும் பணியிடமாகவே கொள்கிறது. நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் எழுதித் தர வேண்டும். தேதி, நேரம், அருகில் இருந்தவர்கள் யார் என்று இப்போதே குறித்து வையுங்கள். இன்னொன்று: அவர் பேச்சைக் கேட்டுச் சாப்பாட்டைக் குறைத்து, மாதவிலக்கு மூன்று மாதம் வராமல் போனால் அது நல்ல பயிற்சிக்கு அடையாளம் அல்ல. எலும்பு மெலியத் தொடங்கும். மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: மகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்க ஆசை. சுடிதாரோடு இறங்கலாமா?
*ஒரு தகப்பன், குளச்சல்*

பதில்: கூடாது. பருத்தி நீரை உறிஞ்சிக் கனக்கும், காலைச் சுற்றும். நனைந்தபின் உடம்பின் வடிவத்தை நீச்சல் உடையைவிட அதிகமாகக் காட்டும். முழங்கால்வரை வரும் ஒரே துண்டு நீச்சல் உடை வாங்குங்கள். 2010 முதல் உள்ள சர்வதேச விதி பெண்களுக்கு நீச்சல்குளப் போட்டியில் தோள் முதல் முழங்கால்வரை அனுமதிக்கிறது, அதனால் பின்னால் போட்டிக்கும் அதுவே உதவும். பழகும் காலத்தில் மேலே முழுக்கை நீச்சல் பனியனும் போடலாம். கடலில் வெயிலுக்கும் ஜெல்லிமீன் கடிக்கும் அது காப்பு. குளத்தில் அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கண்காணிப்பாளருக்குப் பருத்தி இழைகள் வடிகட்டியை அடைக்கும் என்பதுதான் கவலை, நைலான் என்றால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்.

நீரில் துணி தளரும் என்பதால் உலர்ந்திருக்கும்போது சற்றுப் பிடிப்பாக இருக்க வேண்டும். முன்பக்கம் முழுவதும் உட்துணி இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். குளோரின் எலாஸ்டேனைத் தின்னும். உட்காரும் பகுதியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மறுபக்கம் தெரிகிறதென்றால் புதிது வாங்கும் நேரம் வந்துவிட்டது.